சங்கு ஊதாத வேலை, கட்டிக்கொள்ளும் பால்: தாய்ப்பால் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

1

அசைன்மென்ட் டெஸ்க்கிலிருந்து அழைப்பு வந்தபோது நான் அலுவலகக் காரின் பின்னிருக்கையில் இருந்தேன். கண்ணாடியில் துண்டைச் செருகி மறைத்துக்கொண்டு கைப்பம்பில் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் முடிந்திருந்தது. இடது பக்கம் கல்லாகக் கட்டிக் கிடந்தது. "எங்க இருக்கீங்க? தலைவர் வீட்லேர்ந்து கிளம்பிட்டாராம். ரெண்டு நிமிஷத்துல லைவ்." வெளியே நின்ற காமிராக்கார அண்ணன் கண்ணாடியைத் தட்டி, "ஆச்சாம்மா?" என்றார். ஆகவில்லை. ஆனாலும் ஆச்சு என்றேன். பாட்டிலை மூடி, மீன் கடையில் வாங்கிய ஐஸ் போட்ட டப்பாவுக்குள் வைத்துவிட்டு மைக்கை எடுத்தேன்.

அந்த நேரலையைப் பிற்பாடு பார்த்தேன். வழக்கமாக இடுப்புவரை தெரியும் சட்டகத்தை அண்ணன் கழுத்துவரை இறுக்கியிருந்தார். குர்தாவில் ஈரம் படர்ந்திருந்தது பார்வையாளருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. அவர் செய்தது அன்பினால். ஆனால் அந்தச் சட்டகம் எனக்கு வேறொன்றையும் காட்டியது. தாய்ப்பால் பற்றித் தமிழில் நாம் கட்டி வைத்திருக்கும் சொல்லாடலும் இதே வேலையைத்தான் செய்கிறது. தாயின் முகம் தெரிய வேண்டும், அதில் கனிவு தெரிய வேண்டும். பால் சுரக்கும் உடம்பும் அந்த உடம்பு நின்றுகொண்டிருக்கும் வேலைத்தலமும் சட்டகத்துக்கு வெளியே போய்விட வேண்டும்.

இக்கட்டுரை என் கஷ்டத்தைச் சொல்லி ஆறுதல் தேடுவதற்கானதல்ல. நமது இலக்கியம், சட்டம், இடதுசாரி விமர்சனம் மூன்றும் இந்த இடத்தில் எதைப் பார்க்கத் தவறின என்பதே கேள்வி.

2

தமிழ்ப் பிரதிகளில் பாலுக்குப் பஞ்சமில்லை. போரில் மகன் புறங்காட்டியிருந்தால் அவன் குடித்த முலையை அறுத்தெறிவேன் என்னும் தாய் புறநானூற்றில் இருக்கிறாள். இருபதாம் நூற்றாண்டில் மொழியே தாயானது. தமிழுணர்வு தாய்ப்பாலோடு ஊட்டப்படுவதாயிற்று. தமிழக அரசியலில் இந்தத் 'தாய்' எப்படிக் கட்டமைக்கப்பட்டாள் என்பதை சி.எஸ். லக்ஷ்மி 1990இலேயே ஆங்கிலத்தில் விரிவாக எழுதினார். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது தலைப்பைப் பார்த்தே பதறியவர்களையும் நாம் அறிவோம். மார்பு ஒரு இனத்தின் பெருமைக்குச் சாட்சி சொன்னால் அது காவியம். ஒரு பெண்ணின் உடம்பாக இருந்தால் ஆபாசம்.

இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பெரியபுராணத்தின் ஞானசம்பந்தர் கதை. சீர்காழிக் குளக்கரையில் அழும் குழந்தைக்கு உமை பாலூட்டுகிறாள் என்றுதான் பொதுவில் சொல்கிறோம். சேக்கிழார் சொல்வது வேறு. உமை தன் பாலைப் பொன் வள்ளத்தில் பெய்து ஊட்டுகிறாள். அதாவது மார்பிலிருந்து பிரித்துப் பாத்திரத்தில் எடுத்த பால்! குளித்துக் கரையேறும் தகப்பன் குழந்தையின் வாயில் வழியும் பாலைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி 'பசி தீர்ந்ததா' என்பதல்ல. யார் கொடுத்த பாலைக் குடித்தாய், எச்சில் கலக்கும்படி இதைத் தந்தவர் யார் என்று கோலெடுத்து மிரட்டுகிறான்.

உடம்பிலிருந்து பால் பிரிந்தவுடன் அது யாருடையது, எந்தச் சாதியுடையது, எந்த வீட்டுக்கு உரியது என்ற கேள்விகள் வந்துவிடுகின்றன. புனிதக் கதைக்குள்ளேயே தீட்டின் கோல் இருக்கிறது. கொடுத்தவள் தெய்வம் என்று தெரிந்ததால்தான் கதை பக்தியாக முடிந்தது. கொடுத்தவள் மனுஷியாக இருந்திருந்தால்? இந்தக் கேள்விக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

3

முதலில் சட்டம். 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு தன் மூன்றாவது ஒப்பந்தத்தில், பாலூட்டும் பெண்ணுக்கு வேலை நேரத்தில் நாளைக்கு இரண்டு முறை அரை மணி நேரம் தர வேண்டும் என்றது. பெரும் போராட்டங்களின் விளைவு அது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த 'இரண்டு முறை அரை மணி' யாருடைய காலம்? சங்கு ஊதினால் உள்ளே போய், சங்கு ஊதினால் வெளியே வரும் ஆலைத் தொழிலாளியின் காலம். இந்தியாவின் 1961 மகப்பேறு நலச் சட்டமும் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, ஓய்வு நேரம் போக, இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தந்தது. 2017 திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் அங்கே நாளைக்கு நான்கு முறை போய்வரலாம் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இவற்றை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்தச் சட்டங்கள் அனைத்தும் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன. ஒன்று, குழந்தை பக்கத்தில் இருக்கிறது. இரண்டு, வேலைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கிறது. ஆகவே நடுவே ஓர் இடைவெளியை வெட்டி எடுக்க முடியும். என் வேலையில் இரண்டும் இல்லை. நீதிமன்ற வாசலில் ஐந்து மணி நேரம் ஒன்றுமே நடக்காது. ஆறாவது மணியில் நாற்பது நிமிடம் மூச்சு விட முடியாது. எந்த ஐந்து, எந்த ஆறு என்பது எனக்கும் தெரியாது, டெஸ்க்குக்கும் தெரியாது. மனிதவளப் பிரிவில் கேட்டபோது அந்த அம்மா மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "இடைவேளை எடுத்துக்கோங்க மேடம், யாரு வேணாம்னு சொன்னா? எப்ப எப்ப எடுப்பீங்கன்னு மட்டும் முன்னாடியே மெயில் போட்டுடுங்க." செய்தி எப்போது உடையும் என்று தெரிந்தால்தானே நான் எப்போது உடைவேன் என்று மெயில் போட முடியும்?

'காத்திருக்கிற நேரத்துல எடுத்துக்க வேண்டியதுதானே' என்பார்கள். இங்கேதான் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மார்பு ஒரு தொட்டியல்ல, வேண்டும்போது குழாயைத் திறப்பதற்கு. பால் இறங்குவது ஆக்ஸிடாஸின் என்ற சுரப்பால். பதற்றமும் பயமும் அதைத் தடுக்கும். எந்த நொடியும் போன் அடிக்கலாம் என்று ஒரு காதைத் தீட்டி வைத்துக்கொண்டு பம்பைப் பிடித்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எடுக்காமல் விட்டாலோ நிறைந்து கிடக்கும் மார்பே 'போதும்' என்ற சமிக்ஞையாகிவிடும். சுரப்பு குறையும். பால் கட்டும், காய்ச்சல் வரும், சிலருக்குச் சீழ் பிடிக்கும். எடுத்த பாலை 25 டிகிரி வரையிலான வெப்பத்தில் நான்கு மணி நேரம் வைக்கலாம் என்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வழிகாட்டி. சென்னை மே மாதத்தில் நிறுத்தி வைத்த காருக்குள் 25 டிகிரிக்கு எங்கே போவது?

ஆக இங்கே மூன்று காலங்கள் மோதுகின்றன. சட்டத்துக்குச் சங்கின் காலம். வேலைக்கு அழைப்பின் காலம். மார்புக்கு மூன்று மணிக்கொரு முறை நிறையும் காலம். முதலாளியம் சங்கிலிருந்து அழைப்புக்கு நகர்ந்துவிட்டது. 'இடைவேளை' என்ற உரிமை சங்கோடு ஒட்டிப் பிறந்தது. சங்கில்லாத இடத்தில் அது வெறும் தாளில் நிற்கிறது. செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் மாவட்டச் செய்தியாளரை எடுத்துக்கொள்ளுங்கள். மகப்பேறு பலன் பெற முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். அவர் எந்த நாளை வேலைநாள் என்று காட்டுவார்? செயலி வழியாக உணவு கொண்டுபோகும் பெண்ணுக்குப் புதிய தொகுப்பு ஒரு பெயர் கொடுத்திருக்கிறது. அவருடைய மகப்பேற்றையோ அரசு வகுக்கக்கூடிய 'திட்டங்களின்' கருணைக்கு விட்டிருக்கிறது.

இது நமக்கு மட்டுமான சிக்கலுமல்ல. தனியார் துறைப் பெண்களுக்குச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்புத் தரும் தேசியச் சட்டம் இல்லாத அமெரிக்காவில், பால் எடுக்க நேரமும் கழிப்பறையல்லாத ஓரிடமும் தர வேண்டும் என்று 2010இல் விதி வந்தது. 2022 டிசம்பரில் அதை மேலும் பலருக்கு விரித்தார்கள். அப்போதும் விமானப் பணிக்குழுவினரை வெளியே நிறுத்திவிட்டார்கள். விடுப்பைக் கொடுக்காமல் பம்பைக் கொடுத்த சட்டம், நேரம் நிலையில்லாத வேலை என்று வந்ததும் அந்தப் பம்பையும் கொடுக்கத் தயங்கியது.

4

இனி நமது தோழர்களிடம். "இவ்வளவு அவஸ்தை எதுக்கு? பவுடர் பால் குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு. தாய்ப்பால் புனிதம்னு நீங்களே நம்புறீங்களா?" என்று ஒரு தோழர் கேட்டார். புனிதம் என்று நான் நம்பவில்லை. பவுடர் கொடுத்து வளர்க்கும் தாய் குறைந்தவளுமல்ல. ஆனால் ஏழை நாடுகளில் பால்மாவு விற்ற விதத்துக்கு எதிராக 1977இல் தொடங்கிய நெஸ்லே புறக்கணிப்பும், 1981இன் சர்வதேச விதித்தொகுப்பும், இந்தியாவில் பால்மாவு விளம்பரத்தைத் தடைசெய்த 1992ஆம் ஆண்டுச் சட்டமும் நமது இயக்கங்களின் வரலாற்றைச் சேர்ந்தவை. அந்த வரலாற்றில் ஒரு இடைவெளி இருக்கிறது என்பதே என் விமர்சனம். கம்பெனியை 'விற்காதே' என்றோம். தாயை அரசு 'ஊட்டு' என்றது. அந்த ஊட்டலுக்கான நேரத்தை யார் தருவது என்ற கேள்வியை மட்டும் யாரும் முதலாளியிடம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் தாய்ப்பாலின் மேன்மை எழுதியிருக்கிறது. ஒரு தொழிற்சாலை வாசலிலோ தொலைக்காட்சி நிலைய வாசலிலோ அப்படியொரு வாசகத்தை நான் பார்த்ததில்லை.

மார்க்ஸ் இதைப் பார்த்திருந்தார். 'மூலதனம்' முதல் பாகத்தில், எந்திரங்கள் பற்றிய இயலில் ஒரு செய்தி வருகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று லங்காஷயர் ஆலைகள் முடங்கின. நிலைமையை ஆராய அனுப்பப்பட்ட டாக்டர் எட்வர்ட் ஸ்மித், இந்தக் கொடுமையிலும் ஒரு நன்மை கண்டார். வேலையிழந்த தாய்மார்களுக்குத் தம் குழந்தைகளுக்குப் பாலூட்ட நேரம் கிடைத்திருந்தது. 'காட்ஃப்ரே கார்டியல்' என்ற அபின் கலந்த மருந்தைக் கொடுத்து உறங்க வைக்கும் தேவை குறைந்திருந்தது. ஆலை ஓடினால் குழந்தைக்கு அபின், ஆலை நின்றால் தாய்ப்பால் என்ற இந்த முரணை மார்க்ஸ் கூர்மையாகப் பிடித்துவிட்டார். ஆனால் எங்கே எழுதினார்? அடிக்குறிப்பில். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் நமது மார்க்சியம் அந்த அடிக்குறிப்பைப் பக்கத்தின் நடுவே கொண்டுவரவில்லை.

பம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதை விடுதலைக் கருவி என்பவர்களும் உண்டு, அந்நியமாதலின் உச்சம் என்பவர்களும் உண்டு. எனக்கு அது இரண்டுமாக இருந்தது. அது இல்லாவிட்டால் நான் வேலையை விட்டிருப்பேன். அதேசமயம் குழந்தை அழுதால் ஓடிப்போகும் உரிமையை அதுதான் என்னிடமிருந்து எடுத்தது. 'அதான் எடுத்து வச்சிட்டு வந்திருக்கீங்கல்ல' என்ற ஒரு வாக்கியம் போதும், இரவு பதினொன்று வரை என்னை நிறுத்தி வைக்க.

நம் பேச்சு மொழியில் இதற்குச் சொல் இல்லாமலில்லை. 'பீச்சுவது' என்பார்கள். வெயிலில் களையெடுத்துவிட்டு வரும் பெண்ணிடம் "சூட்டுப் பாலைக் குடுக்காத, கொஞ்சம் பீச்சி விட்டுட்டுக் குடு" என்று சொல்லும் வழக்கம் உண்டு. சூட்டுப் பால் கெடுதல் என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. ஆனால் உழைக்கும் பெண்ணின் வேலையும் பாலும் ஒரே உடம்பில் இருப்பதை அந்த மொழி அறிந்திருந்தது. 'பால் கட்டிக்கிச்சு', 'வத்திப் போச்சு' எல்லாமே அங்கிருந்து வந்தவைதான். எழுத்துத் தமிழுக்கு வரும்போது இவை உதிர்ந்து, 'தாய்ப்பால் ஊட்டுதல்' என்ற சுத்தமான சொல் மட்டும் மிஞ்சுகிறது. அதில் வலி இல்லை, வேலை இல்லை, ஊட்டுவதற்குக் குழந்தை பக்கத்தில் இல்லாத பெண்ணும் இல்லை.

2015இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தார். நல்ல காரியம். ஒருமுறை வெளியூரில், மார்பு தாங்காமல் அப்படியோர் அறைக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "குழந்தை எங்கம்மா?" குழந்தை நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. "குழந்த இல்லாம எதுக்கு ரூம்பு?" அவர் மேல் தப்பில்லை. பலகையில் எழுதியிருந்ததைத்தான் அவர் படித்தார். சட்டமும் அதைத்தான் படிக்கிறது. பாலூட்டும் உரிமை குழந்தையின் பெயரில் இருக்கிறதே தவிர, பால் சுரக்கும் உடம்பின் பெயரில் இல்லை.

5

இப்போது தகப்பன் எடுத்த கோலுக்குத் திரும்புகிறேன்.

என் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். காலை ஏழுக்கு வருவாள். நான் திரும்பும்வரை இருப்பாள். நான் எப்போது திரும்புவேன் என்று எனக்கே தெரியாது, அவளுக்கு எப்படித் தெரியும்? மூன்று வாரம் கழித்து ஒருநாள் குளியலறை மூலையில் அவள் முதுகைக் காட்டி நின்றதைப் பார்த்தேன். பாலைத் தரையில் பீச்சித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எட்டு மாதத்தில் குழந்தை இருந்தது. அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். "ஏம்மா சொல்லல?" என்றேன். "சொன்னா வேலைக்கு வெச்சிக்க மாட்டீங்கக்கா" என்றாள்.

என் பால் ஐஸ் டப்பாவில் அலுவலகக் காரில் வந்து, அவள் கையால் சூடாக்கப்பட்டு என் குழந்தைக்குப் போனது. அவள் பால் என் வீட்டுச் சாக்கடையில் போனது. என் நிலையில்லாத நேரத்தின் முழுச் சுமையும் அவள் மார்பில் இறங்கியிருந்தது. டெஸ்க் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்துகொண்டிருந்தேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மஹாஸ்வேதா தேவியின் 'ஸ்தனதாயினி' கதையை அதற்குப் பிறகு மீண்டும் படித்தேன். பணக்கார வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் பாலூட்டிப் பிழைக்கும் ஜசோதா கடைசியில் மார்புப் புற்றுநோயில் சாகிறாள். காயத்ரி ஸ்பிவக் 1987இல் வந்த தன் நூலில் அக்கதையை மொழிபெயர்த்து, பாலை உழைப்பாகவும் உபரி மதிப்பாகவும் வாசித்தார். அந்த வாசிப்பு முக்கியமானது. ஆனால் என் வீட்டுக் குளியலறையில் நடந்தது ஜசோதாவின் கதைக்கு நேரெதிர். அவள் பாலை யாரும் வாங்கவில்லை. அவளுடைய நேரத்தை வாங்கினோம், பால் கழிவாயிற்று. அவள் பாலை என் குழந்தைக்குக் கொடுப்பது பற்றி எங்கள் வீட்டில் யாரும் யோசித்திருக்கக்கூட மாட்டார்கள். ஏன் யோசிக்கமாட்டார்கள் என்பதை அவள் சாதியையும் எங்கள் சாதியையும் சொல்லாமலே இப்பத்திரிகை வாசகர்கள் புரிந்துகொள்வார்கள்.

நமது அகப்பாடல்களில் நற்றாய் உண்டு, செவிலித்தாய் உண்டு. செவிலியின் துயரத்தை உரைகாரர்கள் போற்றியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் துயரமெல்லாம் வளர்த்த மகளுக்காக. செவிலி பெற்ற பிள்ளை என்ன ஆனது? தொல்காப்பியத்தில் பதில் இருக்கிறது: செவிலியின் மகளே தோழி. தலைவியின் ஆசைக்குத் தூது போவதும், அவளுக்காகப் பொய் சொல்வதும், அவளுக்காகக் காவல் நிற்பதும் தோழியின் வேலை. அவளுக்கென்று ஒரு காதல் கிடையாது. ஒரே மடியில் வளர்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தி தலைவியாகவும் இன்னொருத்தி அவளுக்கு ஏவலாகவும் ஆவதை இலக்கணமாகவே எழுதி வைத்திருக்கிறோம். அந்த எட்டு மாதக் குழந்தை வளர்ந்து என் மகளுக்கு என்னவாக இருக்கப்போகிறது என்று நினைத்துப் பார்த்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

6

அதற்குப் பிறகு அவள் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தாள். கூடத்தில் இரண்டு தூளி. என் மாமியாருக்குச் சம்மதமில்லை, சண்டை வந்தது, தூளி நின்றது. இதை ஒரு தீர்வாக நான் முன்வைக்கவில்லை. வரச் சொன்னதும் நான், நாளை வேண்டாம் என்று சொல்லக்கூடியதும் நான். ஒரு வீட்டின் நல்ல மனசில் நிற்பது உரிமையல்ல. என் பால் ஒன்பதாவது மாதத்தில் ஒரு தேர்தல் பிரச்சாரத்தின்போது வற்றியது. வற்றும் நாட்களில் வலி பொறுக்காமல் அழுதபோது அம்மா மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார். இது பாட்டி வைத்தியம் என்று சிரித்தேன். 1988இலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், பால் நிறுத்தும் மாத்திரையோடு மல்லிகையை ஒப்பிட்டுச் சோதித்து, அது வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். பாலை நிறுத்துவதற்கு நம்மிடம் பூவும் இருக்கிறது, ஆராய்ச்சியும் இருக்கிறது. தொடர்வதற்குத்தான் வழியில்லை.

தொழிற்சங்கத் தோழர்கள் யோசிக்க வேண்டியவை என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன். 'இடைவேளை' என்ற சொல்லை நாம் விட்டுவிட வேண்டும். பால் எடுக்கும் நேரம் வேலை நேரத்தின் பகுதி. எப்போது என்பதைத் தாயின் உடம்பு தீர்மானிக்கும். நேரம் நிலையில்லாத வேலையில் இருப்பவளுக்குத் தேவை இரண்டு அரை மணிகள் அல்ல. அழைப்பு வந்தாலும் இருபது நிமிடம் எடுக்காமல் இருக்கும் உரிமையும், அதற்காகத் தண்டிக்கப்படாமல் இருக்கும் உரிமையுமே. அந்த உரிமை குழந்தை கூட இருக்கிறதா என்று கேட்காமல் கிடைக்க வேண்டும். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும். வீடு ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனமல்ல என்று சொல்லி நாம் தப்பிக்கக் கூடாது. தமிழக அரசு தன் ஊழியருக்கு 2021இல் விடுப்பை ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக்கியது. அந்த ஊழியர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்குப் பன்னிரண்டு நாள்கூட இல்லை என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில் எங்கே வைக்கப் போகிறோம்?

கடைசியாக ஒன்று, நமக்கே. நம் கூட்டங்கள் ஆறு மணிக்கு என்று போட்டு ஏழரைக்குத் தொடங்கிப் பத்துக்கு மேல் முடிகின்றன. பெண்கள் ஏன் வருவதில்லை என்று ஒவ்வொரு முறையும் கடைசியில் யாராவது கவலைப்படுகிறார்கள். குழந்தை பிறந்து ஐந்தாம் மாதம் அப்படியொரு கூட்டத்துக்கு வந்திருந்தேன். பெண்ணுடல் பற்றிய கட்டுரை வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பாதியில் எழுந்து, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவை ஒரு காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பால் எடுத்துவிட்டு வந்தேன். நான் திரும்பியபோது விவாதம் முடிந்திருந்தது. அடுத்த கூட்டத்துக்கு மண்டபம் பிடிக்கும் தோழர்கள், கட்டுரையாளர்களை முடிவு செய்வதற்கு முன்னால், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.